பத்து அவரை விதைகள்

ஜூலை 2, புதன்

கடைசிப் பருவத்தின் முதல் வகுப்பு. மின்விசிறி வழக்கம்போல் பேராசிரியையின் மேசையை மட்டும் பார்த்துச் சுற்றியது.

இயற்கை வேளாண்மைப் பட்டயம். மூன்றாண்டு, பகுதிநேரம், புதனும் சனியும் வகுப்பு. ரசாயனம் போட்ட நிலம் இயற்கை நிலமாக மாற மூன்றாண்டு ஆகும் என்பதால் படிப்பும் மூன்றாண்டு. மாணவன் தன் நிலத்தையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும். நிலம் தேறினால் மாணவன் தேறுவான். வேறு எந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு வேடிக்கை இருக்காது.

வகுப்பில் வேதியியல் முதுகலை படித்தவன் நான் ஒருவன்தான். இருபத்து நான்கு வருடம் பூச்சிமருந்துக் கம்பெனியில் இருந்தேன். கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியபோது ஐம்பது வயதில் ஒரு மின்னஞ்சலில் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குக் கீழே வேலை பார்த்த ராஜகோபால் இன்றைக்கு மண்டல மேலாளர். அவன் அனுப்பிய தீபாவளி வாழ்த்துக்கு நான் பதில் போடவில்லை.

பேராசிரியை மதிவதனிக்கு முப்பத்தொரு வயது. நான் மருந்து விற்கப் புறப்பட்ட காலத்தில் அவர் பாலர் பள்ளிக்குப் போயிருப்பார். அவர் எனக்கு மண்ணின் கார அமில நிலையைச் சொல்லித் தருகிறார். நான் குறிப்பெடுப்பதில்லை.

இன்று குழு விதிகளை மீண்டும் படித்தார். ஐந்து பேர் ஒரு குழு. ஒருவர் நிலத்தை மற்ற நால்வர் வந்து பார்த்துத் தாளில் எழுதுவார்கள். ஒருவர் தவறு செய்தால் அவரே முன்வந்து எழுதிக் கொடுக்கலாம். அப்போது அவர் நிலம் மட்டும் முதலாம் ஆண்டுக்கு இறங்கும். எழுதிக் கொடுக்காமல் ஆய்வில் வெளிப்பட்டால் ஐந்து பேர் நிலமும் இறங்கும். யார் தானாக வந்து எழுதிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. மதிவதனி சிரிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

எங்கள் குழுவின் தாள்கள் ஆகஸ்ட் கடைசியில் மேலே போகும். செப்டம்பரில் சான்றிதழ்.

எனக்கு அது ஒரு காகிதம். வசந்தாமணிக்கு அப்படி இல்லை. குழுவில் அவர்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். நாற்பத்தைந்து வயது, ஒன்றரை ஏக்கர் முருங்கை. இலையை வாங்க ஒரு ஏற்றுமதிக்காரர் தயாராக இருக்கிறார், சான்றிதழ் இருந்தால் மட்டும். இரண்டு வருடமாக விளைச்சல் பாதிதான். இந்த வருடமும் காகிதம் வராவிட்டால் நிலத்தை சோலார் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிடுவதாக மாமனார் சொல்லிவிட்டாராம். அந்தக் கம்பெனி ஆள் வந்து அளந்துகூடப் போயிருக்கிறான். இதையெல்லாம் டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொன்னார். மற்றவர் துக்கத்தைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. டீ ஆறிப்போனது.

ஜூலை 14, திங்கள்

தொட்டம்பட்டி ஆறுச்சாமியிடம் இரண்டு டிராக்டர் மக்கிய எரு வாங்கினேன். பதினெட்டு மாடு வைத்திருக்கிறான். எரு நல்ல கறுப்பு, கையில் பொலபொலவென்று உதிர்கிறது. நாற்றமே இல்லை.

வெளி எருவை வயலில் இடுமுன் கல்லூரிக்கு ஒரு சடங்கு உண்டு. அந்த எருவைத் தொட்டியில் நிரப்பி, பத்து அவரை விதை ஊன்றி, இருபத்தொரு நாள் காத்திருந்து, முளைப்பதையும் இலை விரிவதையும் தாளில் எழுத வேண்டும். அதன் பிறகுதான் எரு வயலுக்குப் போகலாம். இருபத்தொரு நாள் காத்திருந்தால் ஆடிப்பட்டம் போய்விடும். எருவைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா.

ஜூலை 17, வியாழன்

எரு இறைத்தாயிற்று. மீதி இரண்டு மூட்டையை வீட்டுக்கு எடுத்து வந்தேன், பரிமளத்தின் தொட்டிச் செடிகளுக்கு.

மேற்கு எல்லையில் ஈசுவரமூர்த்தி மக்காச்சோளத்துக்கு உழுதுகொண்டிருந்தான். என் தம்பி. பதினான்கு வருடமாகப் பேச்சில்லை. பொதுக் கிணற்றில் என் மோட்டாரின் காயிலை எரித்தவன் அவன்தான். நேரில் பார்த்த சாட்சி இல்லை என்பதால் வழக்கு தாராபுரம் கோர்ட்டில் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. வேலிக்கல்லை ஒரு முழம் தள்ளி நட்டவனும் அவன்தான். அப்பா கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டதை எனக்குச் சொல்லாமல் விட்டவனும் அவன்தான். டிராக்டரை நிறுத்தி என் பக்கம் பார்த்தான். நான் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

செடி அவரை ஊன்றினோம். குழு முறைப்படி நால்வரும் உதவிக்கு வந்தார்கள். ரபீக் பாய் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். விதை ஊன்றும்போதும் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று விதைகளிடம் சொல்லிக்கொண்டே வருகிறார். மற்ற இருவர், குழந்தைவேலும் அவர் மகளும், பேசாமல் வேலை செய்கிறவர்கள்.

வசந்தாமணி போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வந்து, மீந்த எருவில் ஒரு பை கேட்டு வாங்கிப் போனார். ஆறுச்சாமியிடம் தானும் வாங்கலாமா என்று பார்க்கவாம். இலவசமாகக் கிடைத்தால் எதையும் பார்ப்பார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

பயிர் நன்றாக முளைத்திருக்கிறது. சோதனைத் தாளை நிரப்பிக் கல்லூரியில் கொடுத்தேன். முளைப்பு பத்துக்குப் பத்து. இலை விரிவு இயல்பு. மதிவதனி வாங்கிக் கோப்பில் வைத்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அவரை முறுக்கிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

முழு வயலும். தண்டு கயிறு திரித்த மாதிரி. இலைகள் குடை காற்றில் மடங்கியதுபோல மேல்நோக்கிக் குவிந்திருக்கின்றன. புதுக் குருத்து இலையாகவே இல்லை, நார் நாராக வருகிறது. நோய் இல்லை, பூச்சி இல்லை. இருபத்து நான்கு வருடம் இதை விற்றவன் நான். ஒரு செடியைப் பார்த்தாலே சொல்வேன். மக்காச்சோளத்தில் அடிக்கும் களைக்கொல்லி. சோளத்தை ஒன்றும் செய்யாது. அவரை, தக்காளி, பருத்தி எதன் மேல் பட்டாலும் இப்படித்தான் ஆகும்.

மேற்கே மக்காச்சோளம். ஆடிக் காற்றும் மேற்கிலிருந்துதான்.

வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். பதினான்கு வருடம் கழித்தும் அவனுக்கு அடங்கவில்லையா என்று வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வகுப்புக்குப் போகாமல் புகார் எழுதினேன். மூன்று பக்கம். கிணற்று வழக்கு எண்ணையும் சேர்த்திருக்கிறேன்.

வசந்தாமணி வீட்டுக்கு வந்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல நின்றார். உட்காரச் சொல்லிப் புகாரை முழுவதும் படித்துக் காட்டினேன். சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கேட்டவர் அதிர்ந்துபோகும் அளவுக்கு எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மதிவதனியும் குழுவும் வயலுக்கு வந்தார்கள். ஈசுவரமூர்த்தியை வேலிக்கு அழைத்தார்கள். மறுப்பான், சத்தம் போடுவான், அப்பா பேரை இழுப்பான் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மதிவதனி கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். பிறகு வசந்தாமணியைப் பார்த்தான்.

"ஆமாங்க. நான்தான் அடிச்சேன். காத்து அந்தப் பக்கம் திரும்பிருச்சுங்க."

அவ்வளவுதான். மதிவதனி தாளை நீட்டியதும் வாங்கினான். தேதி போடும் இடத்தில் நின்று, "என்னைக்குன்னு போடறதுங்க?" என்றான். கேட்டது வசந்தாமணியிடம். கிண்டல் செய்கிறான். வசந்தாமணி தலையைக் குனிந்துகொண்டார். ரபீக் பாய் ஒரு தேதி சொன்னார். எழுதினான். கையெழுத்திட்டான். பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

பக்கத்து வயல் மருந்து காற்றில் வந்தால் அது உறுப்பினர் குற்றம் ஆகாது. எல்லையோரம் பத்து வரிசையைக் கழித்துவிட்டு மீதியை ஏற்பார்கள். எனக்குச் சான்றிதழ் உண்டு, குழுவுக்கும் உண்டு. ரபீக் பாய் எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொன்னார்.

பதினான்கு வருடத்தில் அவன் எதையும் ஒப்புக்கொண்டதே இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இளநீரைப் பாதியில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

யோசித்துப் பார்த்ததில், வெறும் கையெழுத்தை அவன் கோர்ட்டில் மறுத்துவிடக்கூடும். எனவே வயலின் நடுவிலிருந்து மண் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பக் கோரி எழுதிக் கொடுத்தேன். வயலின் நடு வரைக்கும் மருந்து வந்திருக்கிறது என்று அறிக்கை இருந்தால் கிணற்று வழக்கோடு சேர்த்து நஷ்டஈடும் கேட்கலாம்.

குழுவில் சொன்னேன். நால்வர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்தது. வேண்டாம் சார், முடிஞ்ச விஷயம், என்றார் ரபீக் பாய். வசந்தாமணி என் கையிலிருந்த நகலை வாங்கி இரண்டு முறை படித்தார். இதை வாபஸ் வாங்க முடியுமா என்று கேட்டார். ஏன் வாங்க வேண்டும் என்றேன். நகலை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். என் சொந்தக் குழுவுக்கே நான் ஜெயிப்பது பிடிக்கவில்லை.

உறுப்பினர் எழுதிக் கேட்டால் கல்லூரி மறுக்க முடியாது. புதன்கிழமை மண் எடுக்கிறார்கள். 29ஆம் தேதி அறிக்கை.

ஆகஸ்ட் 20, புதன்

மண் எடுத்தார்கள். நடுவில், ஐந்து இடம்.

ஆகஸ்ட் 23, சனி

வாசலில் பரிமளத்தின் மிளகாயும் தக்காளியும் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. எட்டுத் தொட்டி. வயல் இங்கிருந்து ஒன்றரை மைல்.

அவள் தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, உங்க தம்பி அடிச்ச மருந்து அங்கிருந்து ஊருக்குள்ள வந்து, நம்ம வாசலைக் கண்டுபிடிச்சு, தொட்டி தொட்டியாப் பாத்து எறங்கிச்சாக்கும்?"

துளசியும் செம்பருத்தியும் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்கு எரு போடவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெயில் இல்லை.

காலையில் ஆறுச்சாமி கொட்டகைக்குப் போனேன். மாடுகளுக்குக் காய்ந்த மக்காச்சோளத் தட்டை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். எங்கே வாங்கியது என்று கேட்டேன். உடுமலைப் பக்கம், நான்கு லாரி. மருந்து அடித்ததா என்று கேட்டேன்.

"எல்லாத் தட்டையும் மருந்தடிச்சதுதானுங்களே சார். மாட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு உங்க கம்பெனி நோட்டீசுலயே போட்டிருக்குதுங்களே."

தூணில் மாட்டியிருந்தான். பிளாஸ்டிக் உறை போட்டு, நான்கு மூலையிலும் ஆணி அடித்து. ஏழு வருடத்துக்கு முந்தைய துண்டறிக்கை. "மருந்து தெளித்த தட்டையைக் கறவை மாடுகளுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்."

அது என் தமிழ். ஆங்கிலத்திலிருந்து அதை மொழிபெயர்த்தவன் நான். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை.

ஆங்கிலத்தில் அதற்கு அடுத்து இன்னொரு வாக்கியம் இருந்தது. அந்தத் தட்டையைத் தின்ற மாட்டின் சாணத்தை அவரை, காய்கறிப் பயிர்களுக்கு எருவாக இடக்கூடாது; மருந்து மாட்டின் வயிற்றிலும் அழியாது, எருக்குழியிலும் அழியாது. ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும் என்று மேலாளர் சொன்னார். இரண்டு வரி மிஞ்சியது. எதை வெட்டலாம் என்று என்னைத்தான் கேட்டார்.

ஆறுச்சாமி பால் காய்ச்சித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். இந்த நோட்டீசைப் பார்த்து எத்தனை பேர் தட்டை வாங்குகிறார்கள் என்று கேட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் எல்லோரும், என்றான்.

இதையும் எழுதிவிடுகிறேன். அவரை விதை பத்தும் அலமாரியில் காகிதப் பொட்டலத்தில் இருக்கின்றன. நான் ஊன்றவே இல்லை. பத்துக்குப் பத்து என்று மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

நிதானமாக யோசிக்க வேண்டும்.

தொட்டியை நேரில் வந்து பார்க்காமல் தாளை வாங்கி வைத்தது மதிவதனியின் தவறு. ஒரே பக்கம் என்று சொன்னது மேலாளரின் தவறு. விற்ற எருவில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விற்றது ஆறுச்சாமியின் தவறு. ஆய்வகத்தில் சிறிய அளவு தெரியாமலும் போகலாம். எழுதிக் கொடுத்தால் என் நிலம் முதலாம் ஆண்டு. பொய்த்தாள் கொடுத்ததற்கு நானும் முதலாம் ஆண்டு. ஐம்பத்து மூன்று வயதில் புதுப் பிள்ளைகளோடு மீண்டும் முதல் பெஞ்சு.

அறிக்கை வரட்டும்.

இன்னொன்று மட்டும் புரியவில்லை. அவன் அடிக்கவில்லை. அப்படியானால் ஏன் கையெழுத்துப் போட்டான்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வசந்தாமணி வந்தார். வாசலில் நின்று தொட்டிச் செடிகளைப் பார்த்தார். பரிமளம் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் நிலையருகிலேயே நின்றாள்.

அன்று வாங்கிப் போன ஒரு பை எருவில் வசந்தாமணி அன்றைக்கே பத்து அவரை ஊன்றியிருக்கிறார். இருபத்தொரு நாள். பத்தும் முளைத்தன. பத்தும் முறுக்கிக்கொண்டன. என் வயல் முறுக்கியதை நான் பார்ப்பதற்கு முந்தின நாளே அவருக்குத் தெரியும். சொல்லத்தான் 13ஆம் தேதி வந்திருக்கிறார். நான் புகாரைப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

நேராக ரபீக் பாயிடம் போயிருக்கிறார். நால்வரும் கூடிப் பேசியிருக்கிறார்கள். பிறகு என் தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஒத்துக்கிட்டு எழுதிக் குடுங்கன்னு உங்ககிட்டக் கேக்கறதை விட, செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லுங்கன்னு உங்க தம்பிகிட்டக் கேக்கறது லேசா இருந்துச்சுங்கண்ணா," என்றார். கோபமே இல்லாமல், முருங்கை விலை சொல்வதுபோலச் சொன்னார்.

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன்.

"சிரிச்சாருங்க. 'பதினாலு வருசமா நான் செய்யாததையெல்லாம் என் மேல எழுதிட்டுத்தான் இருக்காரு. இதுல ஒண்ணு கூடுனா எனக்கென்னங்க'ன்னாரு. அஞ்சு பேரு காகிதம்னு சொன்னதும் வேற எதுவும் கேக்கலீங்க. ஒரு டீத்தண்ணி குடுத்தாரு."

செய்யாததையெல்லாம். அந்தச் சொல்லை நான் திருப்பிக் கேட்கவில்லை. நிலையருகில் பரிமளம் என்னைப் பார்க்காமல் முந்தானையை மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எத்தனை வருடமாகத் தெரியும் என்றும் கேட்கவில்லை.

வசந்தாமணி எழுந்தார். வெள்ளிக்கிழமை அறிக்கை வந்துவிட்டால் எழுதிக் கொடுத்தும் பயனில்லை, குழுவே இறங்கும், தன் மாமனார் சோலார்காரனுக்குத் தேதி கொடுத்துவிட்டார் என்றார். நான் எழுதிக் கொடுத்தால் தப்பிக்கலாம், கொடுக்காவிட்டால் அது தன் விதி, என்றார்.

"நாங்க செஞ்சதும் தப்புதானுங்க. பொய்க் கையெழுத்து வாங்குனது. ஆனா மண்ணை நோண்டிப் பாக்கச் சொன்னது நீங்க."

மோர் குடிக்காமல் போனார்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கல்லூரி விடுமுறை. பரிமளம் கொழுக்கட்டை செய்தாள். நான் எழுதினேன்.

முதல் தாள் இரண்டு பக்கம் வந்தது. இரண்டாவது ஒன்றரை. மூன்றாவதைச் சுருக்கி ஒரு பக்கத்தில் அடக்கினேன். திருத்தமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலை பத்து மணிக்கு மதிவதனியின் அறை. மூன்றாவது தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். கம்பெனியின் பொறுப்பு, எரு வியாபாரிகளுக்குக் கட்டுப்பாடு இல்லாமை, துண்டறிக்கை, கல்லூரியின் மேற்பார்வைக் குறை எல்லாவற்றையும் படித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல நீங்க எங்க சார் இருக்கீங்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தேடியிருக்கிறார். நானும் தேடினேன். "சோதனை முறையாக நடைபெறவில்லை" என்று ஓர் இடத்தில் இருந்தது. யார் நடத்தவில்லை என்று இல்லை. வாக்கிய அமைப்பில் எனக்கு இருந்த தேர்ச்சி அப்படி.

வெள்ளைத் தாள் ஒன்று கொடுத்தார். வெளியே ஓர் ஆள் புல் வெட்டும் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அது மைதானத்தை ஒருமுறை சுற்றி வரும்வரை பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதினேன்.

"அவரை விதைகளை நான் ஊன்றவில்லை. சோதனைத் தாளில் பொய் எழுதினேன். என் வயலில் உள்ள மருந்து நான் இட்ட எருவிலிருந்து வந்தது. என் தம்பி ஈசுவரமூர்த்தி மருந்து அடிக்கவில்லை."

தேதி, நேரம், கையெழுத்து.

மதிவதனி முத்திரை வைத்தார். பிறகு ஒன்று கேட்டார்: தம்பி அடிக்கவில்லை என்றால் அன்றைக்கு ஏன் கையெழுத்திட்டார், குழுவில் மற்றவர்களுக்கு இது முன்பே தெரியுமா?

இப்படி ஒரு கேள்விக்காக நான் வாழ்நாள் முழுவதும் காத்திருந்திருக்கிறேன். யார், எப்போது, எங்கே கூடினார்கள், யார் தேதி சொன்னார் எல்லாம் எனக்குத் தெரியும். மூன்று பக்கம் எழுதலாம்.

என்னைப் பற்றி மட்டும்தானே எழுதச் சொன்னீர்கள், என்றேன்.

அவர் கோப்பை மூடினார். ஜூலையில் சேர்ந்த முதலாண்டு வகுப்போடு சேர்ந்துகொள்ள வேண்டும், சனிக்கிழமை ஒன்பது மணிக்கு, குறிப்பேடு கொண்டுவர வேண்டும், என்றார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அறிக்கை வந்தது. ஐந்து இடத்திலும் இருக்கிறது. நடுவில்தான் அதிகம்.

என் நிலம் மட்டும் இறங்கியது. மற்ற நால்வரின் தாள்களும் மாலை நான்கு மணிக்கு மேலே போயின. ரபீக் பாய் தொலைபேசியில் சொன்னார். சொல்லிவிட்டு, சாப்பிட்டீங்களா சார், என்று கேட்டார். மூன்று வருடத்தில் அவர் என்னிடம் அப்படிக் கேட்டது இல்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

வசந்தாமணி அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

முதலாண்டு வகுப்பு. பக்கத்தில் உட்கார்ந்த பையன், மகனுக்கு இடம் பிடித்திருக்கிறீர்களா என்று கேட்டான். குறிப்பெடுத்தேன்.

பிற்பகலில் ஆறுச்சாமியின் கொட்டகைக்குப் போய், ஆங்கிலத்தில் இருந்த அந்த இரண்டு வரியையும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டுத் தூணிலிருந்த துண்டறிக்கையைப் பார்த்தான். இதுவரைக்கும் எரு வாங்கியவர்களுக்கு நான் என்னங்க சொல்றது, என்றான். அவர்கள் பெயர்களை எழுதித் தரச் சொன்னேன். முப்பத்தேழு பேர். திங்களுக்குப் பிறகு ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க வேண்டும். இதற்குக் கல்லூரியில் மதிப்பெண் கிடையாது.

செப்டம்பர் 1, திங்கள்

தம்பியின் பழைய வாக்குமூலத்தை ரத்து செய்ய அவனே நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று மதிவதனி சொல்லியனுப்பியிருந்தார். நானும் இருக்க வேண்டும் என்றார்.

அவன் எனக்கு முன்பே வந்து அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காதோரம் முழுவதும் நரைத்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தபோது இது தெரிந்ததில்லை. நான் வந்ததும் எழுந்தான். பெஞ்சில் இடம் இருந்தும் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

உள்ளே போனதும் மதிவதனி ரத்துப் படிவத்தை அவன் முன்னால் வைத்தார். எதற்காக ரத்து என்று தெரிய வேண்டும் இல்லையா என்று, என் தாளையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். விரலை வைத்து, உதட்டை அசைத்து, மெதுவாகப் படித்தான். முடித்தான். மீண்டும் முதல் வரிக்குப் போனான். கடைசி வரியில், தன் பெயர் இருந்த இடத்தில், விரல் வெகுநேரம் நின்றது.

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அல்லது இத்தனை வருடத்துக்கும் சேர்த்து ஏதாவது கேட்பான் என்று. கேட்டால் என்ன சொல்வது என்று எதுவும் தயாரித்திருக்கவில்லை.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. தாளை இரண்டு கையாலும் எடுத்து மதிவதனியிடம் நீட்டினான்.

"டீச்சருங்க, இது எங்க அண்ணன் எழுதுனதுதானுங்களா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."